வேலியோரத்துப் பிள்ளை

போன மாதம் எங்கள் கொல்லையில் கொத்தனார் நூல் பிடித்தார். சுற்றுச்சுவர் எடுப்பதற்காக. தெருப்பக்கம் ஒரு முளை, கிணற்றுப்பக்கம் ஒரு முளை அடித்து, நடுவே பச்சை நைலான் நூலை இழுத்துக் கட்டினார். நூல் நேராகப் போய்த் தென்னை மரத்தின் இடுப்பில் முட்டி நின்றது. பழைய வேலி அப்படிப் போகவில்லை. அந்த மரம் வருகிற இடத்தில் மட்டும், எதிரே பிள்ளைத்தாய்ச்சி வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ஆள் மாதிரி, எங்கள் பக்கமாக வளைந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

“சர்வேயர் காட்டுன கல்லுக்குக் கல்லு இதாம்மா நேர்கோடு. மரமே நம்ம இடத்துலதான் நிக்குது. நம்ம இடத்தை விட்டுக் குடுத்து, யாரும்மா இப்படிக் கோணலா வேலி கட்டுனது?” என்றான் மகன்.

கட்டியவர் என் அப்பா. பாத்தி பிடித்தால் கயிறு போட்டது மாதிரி இருக்கும் என்று பேர் வாங்கியவர்.

பக்கத்து மனையை இப்போது வாங்கியிருப்பவர்களும் மரத்தை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். வெட்டுகிற ஆளுக்கும் சொல்லியாயிற்று. அந்த மரம் ஏன் போகக் கூடாது என்று தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. எனக்கோ நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நூலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றபோது என்னென்ன நினைவு வந்ததோ அதை என் வயதுக்காரிகளான உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வீட்டு மரத்தோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் இது விளங்கும்.

நாங்கள் சேவுகம்பட்டிப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு வெளியே இந்த இடத்துக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது பைபாஸ் ரோடும் கல்யாண மண்டபமும் இருக்கிற இடமெல்லாம் அப்போது சோளக்காடு. வீடு என்றால் எங்கள் வீடும் பக்கத்து வீடும்தான். அப்பா கொல்லையை ஒட்டிக் கனகாம்பரமும் கத்தரியும் போட்டார். பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பிள்ளை குட்டி கிடையாது. அந்த அம்மாவை நாங்கள் வாத்தியாரம்மா என்று கூப்பிடுவோம்.

நடுவில் கிளுவை வேலி. கிளுவை இலையைக் கசக்கினால் பச்சை மாங்காய் வாசம் வரும். அதில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிப் பின்னிக் கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோட்டம் விரிந்து கிடக்கும். ஆயக்குடிக் கொய்யா, முருங்கை, வாழை, பவளமல்லி. பவளமல்லி விடிகிறபோது எங்கள் பக்கம்தான் கொட்டும். அம்மா அதைப் பெருக்க மனமில்லாமல் தாண்டித் தாண்டி நடப்பாள். முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சியும் எங்கள் பக்கம்தான் இறங்கும். கொடியில் காய்கிற துணியை உதறாமல் போட்டுக்கொண்டு நான் உடம்பெல்லாம் தடித்து அழுதிருக்கிறேன். கீழே விழுந்தது நமக்கு, தொங்குகிறது அவர்களுக்கு என்று ஒரு நியாயம் தானாக ஏற்பட்டிருந்தது. கொய்யா எட்டிப் பார்த்தால் கேட்டுப் பறிப்போம். எங்கள் ஆடு அவர்கள் வாழைக்கன்றைக் கடித்தபோது வாத்தியாரம்மா சிரித்துக்கொண்டே, “உங்க ஆட்டுக்கு எங்க வீட்டுச் சாப்பாடுதான் பிடிக்குது போலக்கா” என்றார். முதலில் நல்லபடியாகத்தான் இருந்தது.

வேலிக்கு ஊன்றிய கிளுவைப் போத்துக் கொம்பு ஒன்று பட்டுப்போய்ச் சந்து விழுந்த ஓர் இடம் இருந்தது. அந்தச் சந்தில், வேலியின் காலடியிலேயே, ஒரு தென்னம்பிள்ளை. நாங்கள் வரும்போதே இருந்தது. ஓலை பிரியாத, முழங்கால் உயரப் பிள்ளை. விவசாயிக்கு அதைப் பார்த்தால் கண் உறுத்தும். நாளைக்கு மட்டை விழுந்தாலும் காய் விழுந்தாலும் எங்கள் செடி மேல்தானே விழும்.

“தென்னைக்குத் தேரோடணும்பாங்க. இங்க எலி ஓட இடமில்லை” என்று அப்பா முனகுவார். வேலியோரம் பிள்ளையை வைத்து இடம் பிடிக்கிற யோசனை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அம்மா ஒரு நாள் வேலியண்டை நின்று கேட்டேவிட்டாள். இவ்வளவு இடம் கிடக்கும்போது ஏன் வேலியோரம் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியாரம்மா குனிந்து அந்தப் பிள்ளையின் ஓலையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

“தோட்டத்துல இடம் குடுக்கலைக்கா. அதான் பிள்ளையை இங்கன வச்சோம்.”

அம்மா அவர் தலைக்கு மேலாக அந்தத் தோட்டத்தைப் பார்த்தாள். கொய்யாவுக்கும் வாழைக்கும் நடுவே வண்டி திரும்புகிற அளவு வெற்றிடம். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம், “இம்புட்டுத் தோட்டத்தை வச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா இடமில்லைங்கிறா” என்றாள். அன்றிலிருந்து கொய்யா கேட்பது நின்றுபோனது.

அந்தச் சந்துதான் நான் விளையாடுகிற இடம். கிளுவை நிழலில் கொட்டாங்கச்சியில் மண்ணைப் போட்டுச் சோறாக்குவேன். எனக்கு நானே விளையாடுவேன், வாயைத் திறக்காமல். வாத்தியாரம்மா அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்ப்பார். ஒரு தடவை, “நீ பேசவே மாட்டியா கண்ணு? செத்த சத்தமாத்தான் விளையாடேன்” என்றார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் சத்தம் போடாதே என்றுதான் பிள்ளைகளைச் சொல்வார்கள். எனக்கு வெட்கமாகி எழுந்து ஓடிவிட்டேன்.

அந்த வருடம் அம்மா வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவில் ஒன்று பிறந்து தங்காமல் போயிருந்தது. அதை ஊரில் ஓடைக்கரையில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தோம். அதனால் அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம். ஒத்தாசைக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து சித்தி வந்தாள். சித்தப்பா அங்கே மார்க்கெட்டில் கேரளா லாரிக்குத் தக்காளி ஏற்றுகிறவர். சித்திக்குக் கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. வந்த மறுநாளே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வாத்தியாரம்மா தினமும் காலையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்தத் தென்னம்பிள்ளைக்கு வருவார். கையில் வெள்ளை எனாமல் குவளை. விளிம்பில் நீலக் கோடு, ஓர் இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்புத் தெரியும். குவளையைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றுவார். உதடு அசையும். மறுபடி கொஞ்சம். மறுபடி கொஞ்சம். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துக்கொண்டு போய்விடுவார். நாங்களும் பார்த்ததுதான். ஆனால் எங்கே ஊற்றுகிறார் என்று பார்த்தவள் சித்தி.

“ஏனக்கா, தென்னைக்குத் தண்ணி வேருக்கு ஊத்துவாங்களா, குருத்துக்கு ஊத்துவாங்களா?”

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. தென்னை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் குருத்தில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். தண்ணீர் தங்கினால் குருத்து அழுகும், பிள்ளை பட்டுப்போகும். செடியை வளர்க்க ஊற்றுகிற தண்ணீர் இல்லை அது. அப்படியானால் வேறு எதற்கு? பிள்ளை இல்லாதவள், வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி வீட்டு வேலியில், உச்சியில் தண்ணீர் ஊற்றுகிறாள். சித்தி அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு இடுப்பு வலித்தாலும், இரவு கால் வீங்கினாலும், ஆடு கத்தினாலும் அந்தக் குவளைதான் காரணம். வேலிச் சந்து வழியாக வாத்தியாரம்மா எனக்குக் கொடுத்த கொய்யாப்பழத்தை அம்மா பிடுங்கிச் சாணிக்குழியில் போட்டாள். அதன் வாசம் என் கையில் அன்று முழுக்க இருந்தது. பிரசவத்துக்கு முன்னால் அந்தத் தென்னம்பிள்ளை அங்கே இருக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா வாத்தியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். வாத்தியார் சைக்கிளைப் பிடித்தபடி, “அது அங்கனயே இருந்துட்டுப் போகட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். படித்தவன் திமிர் என்று அப்பா நினைத்தார். தரையை ஏன் பார்த்தார் என்று யார் யோசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாத்தியாரம்மா கோயிலுக்குப் போவார். அவர்களுக்கு அது தவக்காலம். அந்த நேரம் பார்த்து அப்பா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தார். அம்மாவுக்கு முடியவில்லை என்று என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. பிடுங்கி எறிந்திருந்தால் ஒரு நொடி வேலை. அவர் அப்படிச் செய்யவில்லை. காயோடு, வேர் அறுபடாமல் எடுத்து, அவர்கள் தோட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து நட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று, சுற்றிலும் அகலமாக, ஆழமாகத் தோண்டினார். அந்த நல்ல மனதுதான் அவரை அவ்வளவு ஆழம் கொண்டுபோனது. மண் மேலே வறண்டும் கீழே ஈரமாகவும் வந்தது. முழங்கால் ஆழத்தில் அவர் நிற்கும்போது வாத்தியாரம்மா திரும்பி வந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. வெள்ளைச் சேலையோடு, முக்காட்டோடு, வேலிச் சந்து வழியாக அப்படியே நுழைந்து வந்தார். கிளுவை முள் கையைக் கீறியதைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

“பயப்படாதீங்க வாத்தியாரம்மா. பிள்ளைக்கு நோகாமத்தான் எடுக்குறேன்.”

அந்த அம்மா குழியையே பார்த்தார். அப்பா அவரைச் சமாதானம் செய்கிற எண்ணத்தில் மேலும் சொன்னார்:

“அப்படியே இது பட்டுப்போனாலும் போகட்டும். ஒரு பிள்ளைக்கு ரெண்டு பிள்ளையாக் கொண்டாந்து நானே வச்சுத் தாரேன்.”

இதை எழுதும்போதும் என் கை நிற்கிறது. அப்பா அன்பாகத்தான் சொன்னார்.

வாத்தியாரம்மா குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு மண்ணைத் தட்டினார். மெதுவாக, விட்டு விட்டு. தொட்டிலில் கிடப்பதைத் தட்டுவது மாதிரி. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

“மேல இருக்குற பிள்ளையை எடுத்துக்கங்கண்ணே. கீழ இருக்குறதை மட்டும் எடுத்துறாதீங்க.”

அப்பாவுக்கு விளங்கவில்லை. “கீழயும் ஒண்ணு வச்சிருக்கீங்களா?” என்று மண்வெட்டியை ஓங்கினார்.

“மம்பட்டியைப் போடுங்க” என்றாள் அம்மா. அடுப்படி வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அந்தத் தட்டுகிற கையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “போடுங்கன்னா போடுங்க.”

அப்புறம்தான் வாத்தியாரம்மா சொன்னார். அழுகை இல்லாமல், யாருக்கோ வழி சொல்வது மாதிரி. நாங்கள் வருவதற்கு முந்தைய வருடம். வீட்டிலேயே பிறந்தது. கொஞ்ச நேரம்தான் இருந்தது. மருத்துவச்சி வெந்நீருக்குப் போயிருந்தாள், வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார், பெற்ற இவருக்கு நினைவு தப்பிவிட்டது, தலையில் தண்ணீர் ஊற்றிச் செபம் சொல்ல ஆள் இல்லை. ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்காத வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. வாத்தியாரே துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வேலியோரம் வைத்து, அடையாளத்துக்கு ஒரு தென்னம்பிள்ளையை நட்டார். எங்கள் மனை அப்போது வெறும் மனை. கோடு எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு ஊற்றாமல் விட்ட தண்ணீரைத்தான் அந்த அம்மா தினமும் ஊற்றிக்கொண்டிருந்தார். வேருக்கு இல்லை. தலைக்கு.

அவர் எதையும் எங்களிடம் மறைத்திருக்கவில்லை. தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை என்றார். பிள்ளையை இங்கே வைத்தோம் என்றார். எல்லாம் நேரான வார்த்தை. நாங்கள் விவசாயக் காதால் கேட்டோம்.

அப்பா குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ முகங்கள் மறந்துவிட்டன. அந்தக் கால்கள் மறக்கவில்லை. ஒரு காலைத் தூக்கினார். மற்றதை எங்கே ஊன்றி ஏறுவது என்று தெரியவில்லை. தூக்கிய காலோடு, கொக்கு மாதிரி, கிளுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாதான் வந்து கை கொடுத்தாள், அந்த வயிற்றோடு. சித்தி வீட்டுக்குள் போய்விட்டாள். அரைக்க எதுவும் இல்லாத அந்த நேரத்தில் அம்மி ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மண்ணை அம்மாவும் வாத்தியாரம்மாவும் கையாலேயே தள்ளி மூடினார்கள். மண்வெட்டியை யாரும் தொடவில்லை. தென்னம்பிள்ளையைத் திரும்ப வைத்தார்கள். மறுநாள் அப்பா வேலிப் போத்துகளைப் பிடுங்கி, எங்கள் பக்கம் ஒரு கட்டில் போடுகிற அளவு உள்ளே தள்ளி, வளைத்து நட்டார். கயிறு பிடிக்கவில்லை.

இதற்குப் பிறகு இரண்டு வீடும் ஒட்டிக்கொண்டன என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வெட்கம் பயத்தைவிட உயரமான வேலி. அம்மா அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தம்பி பிறந்தான், திடமாகப் பிறந்தான். அவன் அழுகிற சத்தம் கேட்டால் வாத்தியாரம்மா வேலிக்கு வந்து நிற்பார். ஒரு நாள் அம்மா பிள்ளையை வேலிக்கு மேலாகத் தூக்கி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “குளிக்காம இருக்கேன்க்கா” என்றார். தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் உள்ளங்காலை மட்டும் ஒரு விரலால் தொட்டார்.

நான்தான் பழையபடி அந்த இடத்துக்குப் போனேன். சத்தமாக விளையாடு என்றது யாருக்காக என்று தெரிந்துவிட்டதே. ஆனால் எனக்குப் பாடவும் வராது, கதை சொல்லவும் வராது. அதனால் வாய்ப்பாட்டைச் சொன்னேன். பாடப் புத்தகத்தைத் திறந்து உரக்கப் படித்தேன். கிளுவை மணக்க மணக்க, வேலிக்கு முகம் காட்டி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் வராத குரல் அங்கே வந்தது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நான் படித்ததெல்லாம் அந்தப் பிள்ளையும் படித்தது. அதுவும் ஐந்தோடு நின்றது.

சில நேரம் எதிர்ச்சத்தம் மாதிரி என்னவோ கேட்கும். ஓலையாக இருக்கலாம். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

நான் நான்காம் வகுப்பு முடிக்கும் முன்பே வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. வண்டியில் சாமான் ஏறியதும் அந்த அம்மா குவளையை வேலியில் ஒரு போத்தில் மாட்டினார். “ஊத்திருங்கக்கா” என்றார், அவ்வளவுதான். அம்மா ஊற்றினாள். அவளுக்கு அந்தச் செபம் தெரியாது. “குடிச்சுக்கோ சாமி” என்பாள். மரம் உயர்ந்து தலை எட்டாமல் போனபின் அடியில் ஊற்றினாள். குவளை ஓர் ஆடிக்காற்றில் எங்கேயோ போய்விட்டது.

பிறகு அந்த வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். ஒன்றும் தெரியாதவர்கள், நல்லவர்கள். மரம் காய்த்ததும், குழம்புக்கும் வெஞ்சனத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கும் காய் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அம்மா வாங்கிக்கொள்வாள், உடைக்கமாட்டாள். மூலையில் அடுக்கி வைப்பாள். ஒரு மழைக்காலத்தில் பார்த்தால், அடுக்கில் ஒரு காய் தானாக முளை விட்டிருந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிச் சேவுகம்பட்டிக்குப் போய் வந்தாள். எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஓடைக்கரைப் பக்கம் போனால் நான் இப்போதும் மரங்களைப் பார்ப்பதில்லை.

நான் கல்யாணமாகிப் போனேன். அம்மாவுக்குப் பின் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். தண்ணீர் ஊற்றுகிற வேலையும் எனக்கே வந்தது. வீட்டில் கேட்டால், தென்னைக்குத் தண்ணீர் என்பேன்.

இனி நூல் பிடித்த நாளுக்கு வருகிறேன். வெட்டுகிற ஆள் சாயங்காலம் வருவதாக மகன் போனில் பேசி முடித்தான். கொத்தனார் மரத்தைச் சுண்ணாம்பால் குறிப்பதற்குக் குனிந்தார். நான் ஓரடி முன்னால் வந்தேன். பக்கத்து மனைக்காரரும் அவர் மனைவியும் வேறு நிற்கிறார்கள்.

“வேணாம்ப்பா. அங்க ஒரு பிள்ளை இருக்கு.”

மகன் சிரித்தான். “அறுபது வருசத்து மரத்தைப் போயிப் பிள்ளைங்கிறியேம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். அதே வார்த்தை, அதே காது. வாத்தியாரம்மா அன்றைக்கு எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வாய்ப்பாடு சொன்ன குரல் வந்தது.

“மரத்தைச் சொல்லலைப்பா. மரத்துக்குக் கீழ. ஒரு அம்மா பெத்த பிள்ளை.”

சிரிப்பு நின்றது. அப்புறம் நான் சொன்னேன், இங்கே எழுதியதில் பாதிகூட இருக்காது. மகன் போனைப் பையில் போட்டான். கொத்தனார் தன் காலடியைக் குனிந்து பார்த்து, மெல்ல, ஒவ்வொரு காலாக எடுத்துப் பின்னால் வைத்து நகர்ந்தார். என் அப்பாவையே பார்த்தது மாதிரி இருந்தது. பிறகு யாரையும் கேட்காமல் நூலை அவிழ்த்து, மரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு முளை கூடுதலாக அடித்து, சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“என்ன பிள்ளை ஆத்தா? ஆணா, பொண்ணா?”

நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. மண்ணை மூடினோம், வேலியை வளைத்தோம், இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினோம். அதை மட்டும் அந்த அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினால்தானே பேர் வைப்பார்கள். பேரும் இல்லை.

சுவர் வளைந்து எழும்பிவிட்டது. காலையில் செம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். முன்னெல்லாம் பேசாமல் ஊற்றிவிட்டு வருவேன். இப்போது ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும் என்று வாய் வருகிறது. ஆண் பிள்ளை என்று அப்பு என்பதா, பெண் பிள்ளை என்று ஆத்தா என்பதா என்று தெரியாமல், செம்பைச் சாய்த்தபடி நிற்கிறேன்.